ஆறாம் கேள்விக்குத் திரும்பியவர்

பூந்தா அரேனாஸில் ஜூன் மாதம்
பத்து மணிக்குத்தான் விடியும்.
அதற்குள் நான்கு மாலுமிகளுக்கு இரத்த அழுத்தம் பார்த்தாயிற்று.
ஐந்தாவதாக எலெயுதேரியோ பார்ரியா,
நண்டுப் படகில் வின்ச் இயக்குபவர்,
இடக்கையில் மூன்றே விரல்.

நீரிணைக் காற்று அவருடனேயே உள்ளே வந்து
என் மேசைத் தாள்களைப் புரட்டியது.
பத்துக் கேள்விகள். வாசித்துக் காட்டுவது என் வேலை.
குரலை ஏற்றக் கூடாது, இறக்கக் கூடாது,
புருவம் அசையவே கூடாது.
பயிற்சியில் சொன்னார்கள்:
முகத்தைக் கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் வைத்துக்கொள், யாஸ்னா.

எத்தனை நாளைக்கு ஒருமுறை குடிப்பீர்கள்?
"கரையில் இருந்தால். மாதம் இரண்டு, மூன்று."
இரண்டு புள்ளி.

குடிக்கும் நாளில் எத்தனை கோப்பை?
படம் போட்ட அட்டையை அவர் பக்கம் திருப்பினேன்.
மெல்லிய ஒற்றைக் காலில் நிற்கும் ஒயின் கோப்பை,
நுரை தள்ளும் பியர்,
கட்டைவிரல் உயரத்தில் ஒரு சின்னக் குப்பி.
அழைப்பில்லாமல் கல்யாணத்துக்கு வந்தவர்போல் பார்த்தார்.
"இதில் என்னுடையது இல்லை."
பையைத் துழாவி எடுத்து வைத்தார்
விளிம்பு உதிர்ந்த நீல எனாமல் கோப்பையை.

அட்டையில் இல்லாததை என்ன செய்வது?
குழாயைத் திறந்தேன்.
மாத்திரை விழுங்கத் தண்ணீர் தரும் குப்பியால்
நான் பிடித்துப் பிடித்து ஊற்ற
அவர் எண்ணினார்,
மீன் எடை போடும் இடத்தில் நிற்பவர்போல் குனிந்து.
ஐந்து. ஆறு. ஏழு.
எட்டாவது பாதியில் வழிந்தது.
"அட" என்றார்,
பல வருடம் காலடியில் படுத்த நாயின் வயதை
யாரோ சொல்லக் கேட்டதுபோல.
மூன்று புள்ளி.

ஒரே அமர்வில் ஆறுக்கு மேல்? மாதம் ஒருமுறை. இரண்டு.
பிறகெல்லாம் இல்லை, இல்லை.
காலையில் எழுந்ததும்? இல்லை
(இங்கே மட்டும் ஜன்னலைப் பார்த்தார்).
குற்ற உணர்வு இல்லை. மறதி இல்லை.
குடியால் உங்களுக்கோ பிறருக்கோ காயம்?
"வின்ச்" என்றார்,
நான் கேட்காத ஒரு கேள்விக்கு.

கூட்டினால் ஏழு.
எட்டில்தான் கோடு.
முத்திரையை மையில் ஒற்றினேன்.
ஒளிப்பானேன், எனக்கும் நிம்மதிதான்.
எட்டென்றால் அரைமணிப் பேச்சு,
வெளியே இன்னும் ஒன்பது பேர்.

கதவு வரை போனார்.
தொப்பியை மாட்டினார், கழற்றினார்,
திரும்பி வந்தார்.

"அந்தக் காலைக் கேள்வி...
காப்பியில் கலந்தால் கணக்கா?"

இந்த ஊரில் அதற்கொரு பேர் உண்டு:
விஷமம் கலந்த காப்பி.
துறைமுகத்தில், ரொட்டிக் கடையில்,
அடக்கம் முடிந்து திரும்பிய வீட்டில்
சிரித்துக்கொண்டே கேட்போம்:
உனக்கு விஷமத்தோடா, இல்லாமலா?
எந்த அட்டையிலும் அதற்குப் படமில்லை.

கணக்குத்தான், என்றேன்.
எத்தனை நாளைக்கு ஒருமுறை?
"காப்பி குடிக்கிற நாளெல்லாம்."
காப்பி குடிக்காத நாள்?
யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.
ஒரு நாள்கூட அகப்படவில்லை.

நான்கு.
ஆனால் ஒரு மெய் உள்ளே வந்து உட்கார
மற்ற நாற்காலிகளும் நகர வேண்டியிருக்கிறது.
முதல் கேள்விக்குப் போனேன்.
மாதம் இரண்டு மூன்றை அடித்தேன். அங்கும் நான்கு.
பதின்மூன்று.

"என்னை விட்டுவிட்டுப் படகு போய்விடுமா?"
ஜூலைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் கிடக்கிறது.
செவ்வாய்க்கிழமை வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.
பிறகு கடல், பிறகு நண்டு.

தலையசைத்தார்.
தாளைத் தன் பக்கம் இழுத்து
ஒன்பதாம் கேள்வியின் மேல்
அந்த மூன்று விரல்களை வைத்தார்.
நெடுநேரம் எடுக்கவில்லை.
நான் முகத்தைத் தட்டுபோல் வைத்திருந்தேனா, தெரியாது.
"இது செவ்வாய்க்கிழமை" என்றார்.

கோப்பையை மறந்து போயிருக்கிறார்,
விளிம்பு வரை தண்ணீரோடு.
ஆறாவதாக வந்த இளைஞன்
உட்காருமுன் அதைப் பார்த்தான்.
"இது யாருக்கு?"