எட்டு ஒன்று ஜே

சத்துவாச்சாரி, கலெக்டர் ஆபீஸ், இரண்டாம் மாடி.
கத்திரி வெயிலில் மின்விசிறியும் அனலைத்தான் இறைக்கிறது.
மேசையில், நகல் கேட்டு வந்த தகவல் மனு.
அதற்குக் கீழே நாலு வருடப் பழைய புகார்:
பாலாற்றங்கரைக் கிணறுகளில்
தண்ணீர் மஞ்சளாக ஊறுகிறதென்று
முப்பத்து நாலு பேர் எழுதிக் கொடுத்தது.

எதற்குக் கேட்கிறீர்கள் என்று கேட்கக் கூடாது. சட்டம் அப்படி.
விலாசத்தை மட்டும் பார்த்தேன்:
தோல் ஷெட்டுக்கு எதிர்ச் சந்து.

"பேரை மட்டும் அடிச்சிடும்மா, எட்டு ஒன்று ஜே"
என்றார் சூப்பிரண்டு,
பஸ் நம்பர் சொல்வதுபோல.

அடித்தேன்.
ஜன்னலில் தூக்கிப் பிடித்தால்
மைக்கு அடியில் குப்பம்மாள்
அப்படியே உட்கார்ந்திருக்கிறாள்.
எங்கள் ஊர் வெயில் எதையும் ஒளிக்க விடாது.
அடித்ததை ஜெராக்ஸ் எடுத்து,
ஜெராக்ஸை இன்னொரு தரம் அடித்து,
அதையும் ஜெராக்ஸ் எடுத்தபின்தான்
குப்பம்மாள் போனாள்.

அப்புறம் பார்த்தால் நீளம் காட்டிக்கொடுக்கிறது.
சையத் இனாயத்துல்லா,
அந்தத் தெருவில் அவ்வளவு நீளப் பெயர் ஒருத்தருக்குத்தான்.
எல்லாக் கோட்டையும் தாளின் ஓரம்வரை இழுத்தேன்.

கைநாட்டு பதினொன்று.
ரேகை பெயரா, படமா?
சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன், பிடிபடவில்லை.
அடித்தேன்.

பெயரே இல்லாத வரிகளிலும் ஆட்கள் இருந்தார்கள்.
'மூணாம் நம்பர் டிரம்மில் கை போனவர் சம்சாரம் நான்.'
'பம்பு செட்டுக்கு வடக்கே ஒட்டின வீடு.'
'ரெண்டு பிள்ளையும் ஒரே ஆடியில்'
இதை முழுக்கப் படித்தேன். திரும்பவும் படித்தேன்.
அப்புறம்தான் அடித்தேன்.
அடிக்கிறவள்தானே கடைசியாகப் படிக்கிறவள்.

தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
வேலூரைக் கிண்டலடிப்பார்கள்.
இதோ, என் பங்குக்கு
ஆளில்லாத புகார்.

நாலு மணிக்கு டீயோடு மறுபடி வந்தார்.
"கம்பெனி பேரையும் அடிச்சிடு. எட்டு ஒன்று டி.
வியாபார ரகசியம்."
ஊர்க் கிணற்றில் ஊறுவதா சார் ரகசியம்
என்று நான் கேட்கவில்லை.
வேலை நிரந்தரமாக இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.
பேனாவை உதறிக் காட்டினேன்.
"மை தீர்ந்துடுச்சு சார்."

ஸ்டோர் கீப்பர் லீவு, திங்கட்கிழமைதான் வருவார்.
மனுவுக்கோ இன்று முப்பதாம் நாள்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
தேவைக்கு மேலேயே துடைத்தார்.
"சரி, அனுப்பு."

காட்பாடி பஸ்ஸில் நிற்க இடமில்லை.
கம்பியைப் பிடித்த விரல்களைப் பார்த்து
"ஓட்டு மையா மேடம்?" என்கிறார் கண்டக்டர்.
தலையாட்டி வைக்கிறேன்.
கைப்பையில் அந்தப் பேனா,
பாதி மையோடு.
கிரீன் சர்க்கிளில் பாதி பஸ் காலியானது.
குப்பம்மாள் இறங்கவில்லை.
இனாயத்துல்லாவும்.