இடம் ஐயம்

பழைய கடல்வரைபடத்தில் அங்கே
ஒரு புள்ளிவட்டம், பக்கத்தில் இரண்டே சொல்:
இடம் ஐயம்.
யாரும் தேடிப் போகவில்லை.
எந்தக் கப்பலின் அடிவயிறும் எட்டாத ஆழம்.

படகோட்டி ஹாஷிம்தான் சொன்னார்,
"அங்கே இருப்பது பத்து பெசி, இரும்புப் பாறை.
என் மாமாவுக்கு மூன்று வலை போச்சு."
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை,
மீ கோரெங் பொட்டலத்தைப் பிரித்தார்.

ஹார்ஸ்பரோ விளக்கு பின்னால் கரைந்த
மூன்றாம் இரவு, இரண்டே கால் மணி.
திரையில் மணல், மணல், மணல்.
பிறகு, மணலுக்குப் போடத் தெரியாத ஒரு நேர்க்கோடு.
எழுபத்தாறு மீட்டர். இடப்புறம் சாய்ந்து,
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவனைப்போல.

ஒலியை அனுப்புவது, திரும்பி வந்தால் குறித்துக்கொள்வது,
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
ஆனாலும் அது போய் அந்த இரும்பைத் தட்டிய கணம்
உள்ளே யாரோ
மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள் என்று
சத்தியமாய் நினைத்தேன்.

கேமரா இறங்கியது.
முன்பக்க மூடி திறந்திருந்தது, உள்ளிருந்து.
கோபுரத்தில் களவாய் மீன்கள் குடியிருந்தன.
மூன்று வலைகள், ஒன்று இன்னும் நீலம்.

ஆவணக் காப்பகத்தில் மாலுமிகளின் பட்டியல் கேட்டேன்.
அதே கோப்பில் ஒரு மனுவும் தைத்திருந்தது.
பென்சில், தமிழ், நாற்பத்தாறாம் ஆண்டு.
செம்பவாங் கடற்படைத் தளம், சலவை வேலை, மாசிலாமணி.
சட்டை முப்பத்தொன்பது, விரிப்பு பன்னிரண்டு,
கப்பல் வந்து வாங்கவில்லை.
ஜப்பான்காரன் காலம் முழுக்கத் தலைமாட்டில் வைத்திருந்தேன்,
ஒரு துணியும் விற்கவில்லை.
பாக்கி ஒன்பது வெள்ளி நாற்பது காசு.

ஆட்களின் பெயர் அவருக்குத் தெரியாது.
காலரில் தான் இட்ட குறிகளை
அடியில் வரிசையாய் வரைந்திருந்தார்:
புள்ளி, கோடு, கோட்டின்மேல் புள்ளி, தலைகீழ் ட.

பதில் ஒரு வரி.
கப்பலின் முடிவு உறுதியாகாததால் தொகை வழங்க இயலாது.

நேற்றுப் புதிய வரைபடத்தில் பதிந்தேன்.
மூழ்கிய கப்பலுக்கு எங்கள் குறி
படுத்த கோடு ஒன்று, அதை வெட்டும் கோடுகள் மூன்று.
அவர் தாளில் ஏழாவது சட்டைக்கும் கிட்டத்தட்ட அதேதான்,
நடுக்கோடு மட்டும் கொஞ்சம் கோணல்.
ஐயத்தை அழித்தேன்.
படிவத்தின் கடைசிக் கட்டத்தில் எழுதினேன்:
போக்குவரத்துக்கு இடையூறு இல்லை.

ஹாஷிம் தொலைபேசியில் ஒன்றே ஒன்று கேட்டார்,
மாமாவின் வலைகளுக்கு யாருக்கு எழுதுவது என்று.