ஒன்று புள்ளி ஆறு ஐந்து

லாட்ஜ் லெட்ஜரில், பதினாறாம் அறைக்கு நேராக,
ஊர் என்ற கட்டத்தில் எழுதியிருக்கிறது: மால்டா.
என் போனும் இந்நேரம் மால்டாவில்தான் இருக்கிறது.
அது வேறு மால்டா. கடல் நடுவில் தீவு.
இங்கே தடை என்பதால்
ஒரு ஆப், போனை மட்டும் அங்கே கொண்டுபோய் வைத்துவிடுகிறது.
நான் வேலூரில், தோட்டப்பாளையத்தில்,
வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை மின்னும் சந்தில்,
ஃபேன் சுற்றியும் வேர்க்கிற ராத்திரி இரண்டு மணியில்.

சாவோ பாலோவில் சாயங்காலம்.
ஐந்து பேரை ஐந்து பேர் சுடத் தயாராகிறார்கள்.
எல்லோருக்கும் பத்தொன்பது இருபது வயசு, நல்ல நாற்காலி.

மூன்று மாதத்தில் கற்றதைப்
பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிவைத்திருக்கிறேன்.
கையிருப்பில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் வைக்காதே.
(மூவாயிரம் என்றால் அறுபது ரூபாய். முதல் வாரமே
ஆயிரத்து எண்ணூறை ஒரே ஆட்டத்தில் விட்டவன் கையெழுத்து இது.)
கோப்பையைப் பார்க்காதே, எந்த மேப் என்று பார்.
யாருக்காவது காய்ச்சலா, மாற்று ஆள் இறங்குகிறானா,
கடைசி நிமிஷத்தில் இன்னொரு தரம் பார்.
விட்டதைப் பிடிக்க அடுத்த ஆட்டத்துக்கு ஓடாதே.
பிடித்த அணி மேல் பணம் வைக்காதே.
இதற்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.
தெரியாத ஆட்டமா, தூங்கு.

அப்புறம் வகுத்தல் கணக்கு.
ஒன்று புள்ளி ஆறு ஐந்து என்று விலை போட்டிருந்தால்
நூறை அதால் வகு. அறுபது சொச்சம்.
எதிரணி இரண்டு புள்ளி இரண்டு ஐந்து: நாற்பத்து நாலு சொச்சம்.
கூட்டிப் பார், நூறு வராது. நூற்றைந்து வரும்.
அந்த ஐந்துதான் கடைக்காரன் சோறு.
யார் ஜெயித்தாலும் அவன் இலையில் விழுந்துவிடும்.
பத்தாவதில் கணக்கில் போன எனக்கு
இதைக் கண்டுபிடித்த ராத்திரி
கோட்டை அகழியை ஒரு சுற்று ஓடிவரலாம் போலிருந்தது.

பதினாறாம் அறைக்காரர் இறங்கி வந்தார்.
தபன் மண்டல். லுங்கி, கையில் ஃபிளாஸ்க்.
விடிந்தால் மனைவிக்கு ஆபரேஷன்.
மாந்தோப்பில் பாதி போய்விட்டதென்று
வந்த அன்றே, அட்வான்ஸை எண்ணும்போது சொல்லியிருந்தார்.
எனக்குத் தெரிந்த அரை இந்தியும் அவருடைய அரை இந்தியும்
சேர்ந்து ஒரு வாக்கியம் ஆயிற்று:
டாக்டர் அறுபது பர்சென்ட் என்றார்.
அறுபது என்றால் நல்லதா?

என் ஒன்று புள்ளி ஆறு ஐந்து
முதல் மேப்பைத் தோற்றிருந்தது.
இப்போதே விலகிக்கொள், இருபத்தெட்டு ரூபாய் தருகிறேன் என்று
ஒரு பச்சைப் பொத்தான் துடித்துக்கொண்டிருந்தது.

அறுபது என்றால் என்னவென்று
இந்தச் சந்தில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது.
பத்து தடவை வந்தால் நாலு தடவை கவிழ்க்கும்.
நூறு ஆட்டம் ஆடுகிறவனுக்குத்தான் அதற்கு அர்த்தம்.
அவரிடம் இருப்பது ஒரே ஆட்டம்.
கையிருப்பு முழுக்க.
பிடித்த பக்கத்தில்.
ரசீதுப் புத்தகத்தில் ஒரு வரி மிச்சமில்லாமல் மீறிவிட்டு
ஃபிளாஸ்க்கோடு நிற்கிறார். விலகும் பொத்தானும் இல்லை.
ஒன்று மட்டும் அப்போதுதான் கவனித்தேன்:
டாக்டர் சொன்ன அறுபதையும் சொல்லாத நாற்பதையும் கூட்டினால்
சரியாக நூறு.
நடுவில் யாரும் ஐந்து எடுக்கவில்லை.
இதை எப்படி இந்தியில் சொல்வது?

அச்சா ஹை, என்றேன். பஹுத் அச்சா.
தலையாட்டிவிட்டு ஃபிளாஸ்க்கை நீட்டினார்.

வெந்நீருக்கு லாட்ஜ் விலை பத்து.
நான் எப்போதும் பதினைந்து வாங்குவேன்.
பேச்சு மும்முரத்தில், பழக்கத்தில்,
கை பதினைந்தை வாங்கி டிராயரில் போட்டுவிட்டது.
அவர் செருப்புச் சத்தம் இரண்டாம் மாடிக்குப் போய் நின்றது.

இரண்டாவது மேப் ஆரம்பித்திருந்தது.
முப்பத்தொன்று, என்றது பொத்தான்.
டிராயரை இழுத்தேன்.
உள்ளே நிறைய ஐந்து ரூபாய்க் காசுகள்.
அவருடையது எது என்று தெரியவில்லை.