உளி தொடாத இடம்

பல் டாக்டர் ஞானாதிக்கம் கொண்டுவந்த படம்
இரண்டு தீப்பெட்டியைச் சேர்த்து வைத்த அளவு.
முந்நூறு வருஷம் முன்பு, செம்புத் தகட்டில்
எவனோ கீறி, மையூட்டி, அழுத்தி எடுத்தது.
"பிரேம் போடணும். அவசரமில்லை."

லெபோ சூலியாவில் மழை. மத்தியானமே மாலை.
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
முற்றத்தில் இராயப்பர்.
வேலைக்காரி மெழுகுவத்தியை
அவர் தாடிவரை நீட்டுகிறாள்.
சுடரை அவள் கையே மறைக்கிறது.
நமக்குக் கறுத்த விரல்கள்,
அப்புறம் அந்த முகம்.

இருட்டுக்குத்தான் எத்தனை உழைப்பு!
கோட்டுக்குக் குறுக்கே கோடு,
அதற்கும் குறுக்கே இன்னொன்று,
எறும்பு நுழைய இடமில்லை.
முகத்தில் வேலையே இல்லை.
மூக்குக்கு ஒரு கீறல், இமைக்கு இரண்டு,
மற்றதெல்லாம் வெறும் தாள்.
உளி தொடாமல் விட்டதை
வெளிச்சம் என்று நம்பிவிடுகிறது கண்.

பினாங்கு ஈரம் ஏறி ஒரு பழுப்புப் புள்ளி.
அதுவும் அவர் நெற்றியில்.
கறுப்பில் விழுந்திருந்தால் தெரிந்திருக்காது.

கண்ணாடியை நானே வெட்டினேன்.
ஹாரூன் வெட்டுவான்,
நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பு,
டிக்கென்று பிரியும்.
எனக்கு மூலையில் சில்லு போய்விட்டது.

போன மாதம், ஷட்டரைப் பாதி இறக்கிய நேரம்,
இமிகிரேஷன்காரர்கள் வந்தார்கள்.
டார்ச்சை முதலில் அவன்மேல் அடித்தார்கள்.
பிறகு என்மேல்.
"கெனால்?"
தெரியுமா என்பதற்கு மலாயில் ஒரு சொல்.
தெரியாது என்பதற்கு இரண்டு.
கூசிய கண்ணோடு இரண்டையும் சொன்னேன்.
அவன் மறுக்கவில்லை.
ஏப்ரனைக் கழற்றி, மடித்து,
மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

சட்டத்துக்குள் கண்ணாடி உட்கார்ந்ததும்
எந்தப் படத்துக்கும் நடப்பதுதான் நடந்தது.
வெள்ளையில் அவர் மட்டும் இருந்தார்.
கறுப்பு முழுக்க நான்.
தூணோரம் என் தோள்,
சேவலை ஒளித்து வைத்த மூலையில்
என் வாய்.

டாக்டர் வந்தார்.
நோட்டை எண்ணிக்கொண்டே கேட்டார்,
"முன்னே ஒரு பையன் இருந்தானே,
கண்ணாடி வெட்டுறவன்?"

இந்தத் தெருவில் யாரும் சேவல் வளர்ப்பதில்லை.
துறையில் ஃபெரி ஊதியது, நீளமாக.
ரசீதில் தேதி எழுதினேன்.
மை
கொஞ்சம் இழுகிவிட்டது.