மூழ்கிய நகை

காரைக்குடியில் ஓர் அடகுக் கடையில்
கணக்கெழுதுகிறேன், இருபத்திரண்டு வருடமாய்.
எங்கள் கடையில் மீட்பு என்றால்
முந்தானையில் முடிந்த ரூபாய், ரசீது, கைநாட்டு.
தவணை தப்பினால் நகை மூழ்கிவிட்டது என்போம்,
சொட்டுத் தண்ணீர் இல்லாத இரும்புப் பெட்டிக்குள்.
செக்காலைக் கோயிலில் அதே சொல்லைச்
சாமியார் சொல்லும்போது
என் விரல் தானாக வட்டி போடும்.

மாசியில் தேனம்மை வந்தாள்.
கானாடுகாத்தான் வீட்டைப் பங்கு பிரிக்கிறார்களாம்.
பெட்டகத்தின் அடியில் கிடைத்த பித்தளை விளக்கு:
வரிசையாய் எட்டுக் குழி,
சற்று உயரத்தில் தனியே ஒன்று.
கட்டியிருந்த அட்டையில் அவள் பாட்டையா கையெழுத்து:
ரங்கூன், 1941. எஸ்ரா மகன் சாலே, தையற்கடை.
ரூபாய் பதினெட்டு.
அதன் பிறகு குண்டு விழுந்திருக்கிறது.
கொடுத்தவர் ஒரு பக்கம் நடந்தார்,
வாங்கியவர் எந்தப் பக்கமோ.

"எடைக்குப் போட்டுறவா, அமலோற்பவக்கா?"
"அடகுப் பொருள். உரியவர் வரவில்லை" என்றேன்.
என் நெற்றியில் சாம்பல் இருந்தது.
போன வருடம் கையில் பிடித்து ஆட்டிய குருத்தோலையைச்
சுட்டுத்தான் பூசுகிறார்கள்.
வரவு வைத்ததே பற்றாகும் புதன்கிழமை.

விடுதிக்கு வந்த கொச்சிக்காரர் ஒருவர் சொன்னார்,
யூதர் வீட்டு விளக்கு, எட்டு இரவு எரிவது.
ஒன்பதாவது வேலைக்காரி;
மற்றவற்றை ஏற்றிவிட்டுத் தள்ளி நிற்பாள்.
பெரிய வியாழன், சாமியார் குனிந்து
பன்னிரண்டு பேர் காலைக் கழுவும்போது
எனக்கு அந்தக் குழிதான் ஞாபகம்.

அதே வாரம் அவர்கள் புளிக்காத அப்பம் தின்பார்களாம்,
மாவு புளிக்கும்வரைகூடக் காத்திராமல் கிளம்பியதற்காக.
வீட்டில் பொங்கி நின்ற இட்லி மாவைப் பார்த்தேன்.
எனக்கு அவ்வளவு அவசரமான விடுதலை
வாய்த்ததில்லை.

நிலைக்காலில் ரத்தம் கண்ட வீட்டைச்
சாவு கடந்து போனதாம்.
தேனம்மை வீட்டு நிலை பர்மாத் தேக்கு.
அதைக் கடந்து எதுவும் போனதில்லை,
எல்லாம் உள்ளேதான் வந்தது.

பெரிய சனி, ஒன்றுமே நடக்காத பகல்.
பீடத்தில் துணிகூட இல்லை.
எனக்குப் பழகிய நாள் அது.
ராத்திரி புதுத்தீ மூட்டினார்கள்.
பெரிய மெழுகுத்திரியைத் தண்ணீரில் அமிழ்த்தினார் சாமியார்.
எடுத்தார்.
மறுபடி அமிழ்த்தினார். எடுத்தார்.
மூழ்கியதை எடுக்கலாம் போலிருக்கிறது.

எண்பத்திரண்டு வருடத்துக்கு
வட்டிக்கு வட்டி போட்டுப் பார்த்தேன், பழக்கதோஷம்.
பதினெட்டு ரூபாய் அந்த வீட்டின்
ஒரு பத்தியையே தின்றுவிட்டது.
ஐம்பதாம் வருடம் எக்காளம் ஊதி
எல்லாக் கடனையும் விட்டுவிட அவர்களுக்குக் கட்டளை உண்டு
என்று முதலாளியிடம் சொன்னேன்.
விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைத்தார்.

புரட்டாசியில் அவர்களுக்கு ஒரு முழுப் பட்டினி.
மனிதருக்குச் செய்ததை மனிதரிடம் தீர்த்துவிட்டுத்தான்
கடவுளிடம் போக வேண்டும்.
நாத்தனார் ரோஸ்லினுக்குப் போன் போட்டேன்.
எடுக்கவில்லை.
மறுபடி போட்டேன்.

தேனம்மை அட்டையின் பின்பக்கம் எழுதியிருந்தாள்:
அசல், வட்டி இரண்டும் விட்டாச்சு.
யாருக்குக் காட்ட என்று தெரியாமல்
அங்கேயே திரும்பக் கட்டியிருந்தாள்.

பட்டினி முடிந்த ஐந்தாம் நாள்
அவர்கள் ஓலைக் குடிலுக்குக் குடிபோவார்கள்,
கூரை வழியே நட்சத்திரம் தெரிய வேண்டும்.
இந்த வீட்டில் அறுபது தூண்.
ஆனாலும் நடுவில் முற்றம் திறந்தே கிடக்கிறது.
புளி போட்டுத் துலக்கிய விளக்கை
அங்கே காயவைத்திருந்தாள்.
"ஒரு தடவை ஏத்திப் பாப்பமா?"
"கடன்தான் போச்சு. விளக்கு இன்னும் அவங்களதுதான்."

பேசும்போதே மழை பிடித்தது.
எடுக்க ஓடினவளைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.
எட்டுக் குழியும் நிறைந்தன.
பிறகு, மெதுவாக,
அந்த வேலைக்காரியும்.