வாசல் ஆணி

உவர்மலைக்குத் தண்ணீர்
விடியப்புறம் நாலரைக்கு ஏறி
ஏழு மணிக்கெல்லாம் இறங்கிப் போய்விடும்.
ஆகவே சனிக்கிழமைகளில் என் வீட்டு மணிக்கூடு
பின்வளவுக் குழாய்.

முதலில் தொட்டி, பிறகு வாளிகள்.
மூன்றாவது வாளி நிறைகிற நேரத்துக்குள்
குசினிச் சுவரில், அடுப்புக்குப் பின்னால்
எண்ணெய் பிடித்த அந்த ஒரு முழம்.
அது மட்டும்தான் இன்றைக்கு.
மிச்சச் சுவர் அடுத்த சனி.
முழு வீட்டையும் ஒரே நாளில் புரட்ட வெளிக்கிட்டு
பின்னேரம் நாலு மணிக்கு
அலுமாரி கக்கிய துணிகளுக்கு நடுவில் குந்தி
அழுத வருசங்கள் எனக்கு உண்டு.

இப்போது அறைக்குப் பதினைந்து நிமிடம்.
போனில் மணி அடித்தால் விட்டுவிட வேண்டும்,
பாதி மடித்த சாறியையும்.
"மாவு ஆலையில்கூட இவ்வளவு கண்டிப்பில்லையப்பா"
என்கிறார் தயாபரன்.
இரவு வேலை முடித்து வந்த மனிசன்.
புருவத்தில் இன்னும் மா.
படியிலேயே நிறுத்தி உதறச் சொன்னேன்.
கூட்டின நிலத்துக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

மிதுஷாவின் மேசையில் அகப்பட்டவை:
மூடி இல்லாத ஒன்பது பேனை,
பேனை இல்லாத நாலு மூடி,
போன தவணை எனக்குக் காட்டாத கணிதத் தாள்.
"மேசையைத் துடைக்கத்தானே சொன்னீங்க,
ஏன் வாசிக்கிறீங்க?"
நியாயமான கேள்வி.
மணி அடித்தது, தப்பிவிட்டாள்.

கடல்பக்கத்து ஜன்னல் கம்பியில் உப்பு.
துடைத்துத் திரும்புவதற்குள் மறுபடி பூக்கும்.
அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

செருப்புகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்த கவிஷன்
கதவுக்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்தான்.
"எல்லாத்தையும் எடுத்து வைக்கச் சொல்றீங்க.
இந்தப் பை மட்டும் ஏன் எப்பவும் ஆணியில?"

நீல ரெக்சின் பை.
பொலித்தீன் சுற்றிய காணி உறுதி,
நாலு பேரின் பிறப்புச் சான்றிதழ்,
அடையாள அட்டைப் பிரதிகள், ஒரு டோர்ச்.
எப்படிச் சொல்வது?

இரண்டு தரம் ஓடியிருக்கிறேனடா.
ஒன்பது வயதில் சனங்கள் துரத்தி,
பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடல் துரத்தி.
முதல் தரம் என் கையில் இருந்தது அகப்பை.
இரண்டாம் தரம் டிவி ரிமோட்.

"டிவி?"

"டிவி கடலோட போச்சு."

அவன் செருப்புகளுக்கு மேலேயே விழுந்து சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
தயாபரன் மட்டும் சிரிக்கவில்லை,
தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு
பையை ஆணியிலிருந்து இறக்கினார்.

அதற்கும் பதினைந்து நிமிடம்.
திகதி முடிந்த பனடோல், குப்பைக்கு.
பச்சை கசிந்த பற்றரி, குப்பைக்கு.
ஓரம் கிழிந்த நிவாரண அட்டையை
ஆளுக்கொரு தரம் கையில் எடுத்துப் பார்த்து
பேசாமல் திரும்ப உள்ளே வைத்தோம்.
பிள்ளைகளின் ஊசி அட்டைகள் புதிதாக.
யாரும் பார்க்காத நேரம்
கவிஷன் தன் டெனிஸ் பந்தை உள்ளே தள்ளினான்.
பார்த்தேன். விட்டுவிட்டேன்.
நான் மட்டும் என்ன, அகப்பைக்காரிதானே.

நாலு பேர் சேர்ந்து
காலை முழுக்க ஒதுக்கிய வீட்டில்
ஆக ஒழுங்கான மூலை
விட்டுப் போவதற்கென்று வைத்த மூலை.
இது இன்றைக்குத்தான் எனக்கே பட்டது.
தூக்கித் தோளில் போட ஒரு நிமிடம் போதும்.
அந்த ஒரு நிமிடத்தை
யாரும் கேட்காதிருக்கட்டும்.

குழாய் இரண்டு தரம் இருமி நின்றது.
ஏழு.
பை ஆணிக்கு ஏறியது.
தேத்தண்ணி ஊற்றலாம் என்று திரும்பினால்
கேற்றடியில் மிதுஷாவின் கூச்சல்.

தரம் பிரித்துக் கட்டி வைத்த குப்பை உரப்பையை
புள்ளிமான் ஒன்று இழுத்துக் கிழித்து
வாழைப்பழத் தோலைத் தேடி எடுத்து
ஒழுங்கை முழுக்க
எங்கள் காலையைப் பரப்பியிருந்தது.

இன்னொரு பதினைந்து நிமிடம் என்று
போனை அழுத்தினேன்.
மென்றபடி என்னைப் பார்த்தது மான்.
அதற்கு அவசரமே இல்லை.