கணக்கில் வராத இரவு

ருவைஸ் கேம்ப், அறை நாற்பத்தொன்று.
மேல் கட்டில் ததேயு, கீழ்க் கட்டில் நான்.
அவனுக்குக் கடலோரத்து அணு உலையில்
தரை துடைக்கும் வேலை.
எனக்கு மணல்வெளியில் சோலார் பேனல்,
கண்ணாடி துடைக்கும் வேலை.

பகலில் தொட்டால் கை வெந்துபோகும்.
ஆகவே இரவில்தான்
சூரியனைக் கழுவுகிறோம்.
ஊரில் சொன்னால் நம்புவதில்லை.

கூடங்குளம் வேண்டாமென்று
இடிந்தகரைக் கடலில் இடுப்பளவு நின்றவன் ததேயு.
பதினேழு வயசு. பெயர் கேஸில் ஏறியது.
பாஸ்போர்ட் கைக்கு வர ஆறு வருஷம்.
வந்த பாஸ்போர்ட் அவனைக் கொண்டுவந்து இறக்கியது
இன்னோர் உலையின் வாசலில்.
சிரிக்கலாமா என்று கேட்டேன்.
"சிரி மக்கா, சம்பளம் வந்த பொறவு சிரி."

என் கதை அவ்வளவு பெரிசில்லை.
ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கம்
எங்கள் முருங்கைக் காட்டில்
ஒரு காற்றாலை நிற்கிறது.
ஏக்கர் என்ன விலைக்குப் போனதென்று
அப்பா கடைசிவரை வாய் திறக்கவில்லை.
காற்று சுத்தம். பத்திரம்தான் அப்படியில்லை.

வெள்ளிக்கிழமை, சோற்றுக்குப் பிறகு, சண்டை.
யூனிட்டுக்கு இத்தனை ஃபில்ஸ்தான் என்று அடுக்குவேன்;
எல்லாம் சூப்பர்வைசர் வாயிலிருந்து உதிர்ந்தவை.
"ராத்திரி ஏசிக்கு ஒன் சூரியனா வரும்?"
"பேட்டரி வருது."
"வரட்டும்."
விளக்கை அணைத்த பிறகு
மேலிருந்து, தனக்கே எதிராக:
"எரிஞ்சு தீந்த கம்பிய
எத்தன தலமொற காவல் காக்கணும்?
அந்த வாச்மேன் சம்பளத்த எவன் கணக்குல சேத்தான்?
இங்க குடிக்கிற தண்ணியே கடலு மக்கா.
அதுல ஒண்ணு கலந்துட்டுன்னா
வேற கடல எந்தக் கடையில வாங்குவ?"
நான் தூங்குவதுபோல் கிடந்தேன்.
ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

ஷமால் அடித்த வாரம் அது நடந்தது.
நாலு நாள் புழுதி. பேனலெல்லாம் மண்சுவர்.
அவசரத்தில் ஆணியிலிருந்து
அவன் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.
கதிர்வீச்சு அளக்கும் பேட்ஜை
கேட்டில் கழற்றி வைக்க மறந்து
பையிலேயே கொண்டுவந்திருக்கிறான்.
அது என் நெஞ்சில் ஒட்டி
விடியும்வரை கண்ணாடி துடைத்தது.

அவனைக் கேட்டில் நிறுத்திவிட்டார்கள்.
ஒரு நாள் சம்பளம், ஒரு எச்சரிக்கைக் கடிதம்.
அந்தக் காசை நீட்டினேன், வாங்கவில்லை.

மாதக் கடைசியில் ரிசல்ட் வந்தது. பூஜ்யம்.
அவன் இருபத்தைந்து நாள் பூஜ்யம்.
என் ஒரு இரவும் பூஜ்யம்.
கல் அடைத்த என் சிறுநீரகம்,
ரோபோ வந்தபின் நாற்பதில் பதினொன்றான எங்கள் ஆட்கள்,
மூக்கில் இறங்கிய மண்,
எதையும் அது எண்ணவில்லை.
எண்ணுவதற்காகச் செய்ததில்லைதான்.

"ஒனக்கும் ஒரு பேட்ஜ் வேணும்ல"
என்றான் ததேயு, தாளை மடித்தபடி.
"எதை அளக்க?"
யோசித்தான்.
பதில் வருவதற்குள்
அவன் பஸ் ஹாரன் அடித்தது.
என் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது,
வெயில் இறங்கவில்லை.